பன்னிரண்டு மணிக்குப் பூட்டும் நூலகம்

பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தக் கதவு பூட்டப்பட்டது. இப்போதும் அந்த நேரம் நெருங்கும்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன். மகள் வளர்ந்துவிட்டாள், கல்லூரி விடுதியில் இருக்கிறாள், காலையில்தான் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள். எல்லாம் தெரிந்தும் முள் பன்னிரண்டைத் தாண்டும்வரை என்னால் உட்கார முடிவதில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பூட்டியவர் எங்கள் ஊர் நூலகர். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது எப்போது போயிற்று என்று யோசித்தால், அவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் இரும்பு ஆலைகளுக்கும் நடுவே இருந்த சிறிய ஊர் எங்களுடையது. எங்களுடையது என்று இப்போது சொல்கிறேன். அப்போது நாங்கள் தெற்கிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவருக்கு ஆலைகளில் இயந்திரம் பொருத்தும் வேலை. ஓரிடத்தில் பொருத்தி முடித்தால் அடுத்ததற்கு வெளிமாநிலம் போய்விடுவார், திரும்பிவர மாதக்கணக்கில் ஆகும். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. செல்போன் எல்லோர் கைக்கும் வந்திருக்கவில்லை. அவருடைய குரலுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசிக் கடையில் போய்க் காத்திருப்பேன். மற்ற நாட்களில் வீட்டில் என் குரல் மட்டும்தான். அதையும் கேட்க ஆளில்லை.

மகளுக்கு மூன்று வயதில் வந்த மூளைக் காய்ச்சலில் காது போய்விட்டது. சென்னையில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். பள்ளியில் அவள் பேசும் கைமொழி எனக்குப் பாதிதான் புரியும். மீதிக்கு நாங்களே வீட்டில் சில சைகைகள் செய்து வைத்திருந்தோம். அடுத்த அறையில் இருப்பவளைக் கூப்பிட வேண்டுமானால் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவேன். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பகலில்கூட எங்கள் வீட்டு விளக்கு மின்னுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா, "உங்க ஊட்ல மட்டும் தீபாவளி தீரவே தீராதாம்மா?" என்று கேட்பார்.

அந்தக் கோடை விடுமுறைக்கு வந்தபோது தெருப் பிள்ளைகள் முதல் வாரம் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் கண்ணாமூச்சி ஆடினார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் அவளுக்கு உலகமே இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு அழுதுகொண்டே ஓடி வந்தாள். அதற்குப் பிறகு அவள் வெளியே போகவில்லை, அவர்களும் வந்து கூப்பிடவில்லை. நாள் முழுவதும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரும்புச் சுருள் ஏற்றிப் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவளை நூலகத்துக்கு அழைத்துப் போனேன்.

வாடகைக் கட்டடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒற்றைக் கூடம். நூலகர் அகலமான நெற்றியும் உரத்த குரலும் கொண்ட ஓர் அம்மாள். செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். காலையில் எங்கள் ஊர். மாலையில் அத்திப்பட்டுப் பக்கம் இன்னொரு நூலகம் அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அதனால் பன்னிரண்டு மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் எங்கள் நூலகம் திறக்கும். புதிய இடங்களில் நான் வழக்கமாகச் சொல்லும் முன்னுரையை அவரிடமும் மெல்லிய குரலில் சொன்னேன். "பொண்ணுக்குக் காது கேக்காதுங்க. பேசவும் வராது."

அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அதனால இன்னாங்க? இங்க யாருமே பேசக்கூடாது. பேசுனா வெளிய அனுப்பிடுவேன்."

எத்தனையோ பேர் உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். எத்தனையோ பேர் கோயில் பெயரும் வைத்தியர் பெயரும் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். எதற்கு என்று மகள் சைகையில் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒன்று என்பதுதான் அந்த அம்மாளின் சட்டம். ஆங்கில நாளிதழை முதலாளி படித்து முடித்ததும் தருவதாகச் சொல்லி வாங்க வந்த ஆலை டிரைவரிடம், "அவர இங்க வந்து பெஞ்சில ஒக்காரச் சொல்லுங்க, வரிசைல வரும்" என்றார். வடக்கிலிருந்து வந்து ஆலைகளில் வேலை செய்த பையன்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ரேஷன் அட்டை இல்லாததால் உறுப்பினராகவும் முடியாது. அவர்கள் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து உலக வரைபடப் புத்தகத்தில் தங்கள் ஊரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இதென்ன சத்திரமா என்று ஒருவர் முணுமுணுத்தபோது நூலகர் சொன்ன பதில் கூடம் முழுவதும் கேட்டது. "படம் பாக்கறதும் படிக்கறதுதான் சார். நீங்க மட்டும் இன்னா, ராசிபலன்தான பாக்கறீங்க?" காலனியிலிருந்து வரும் பிள்ளைகளும் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். இடம் மாற்றிக் கேட்டவர்களுக்கு அவர் வாசலைக் காட்டுவார்.

மகள் இரண்டு நாள் என்னோடு போனாள். மூன்றாவது நாள் வாசலிலேயே என் கையை விட்டுவிட்டு, நீ போ என்று காட்டினாள். அதன் பிறகு தினமும் தனியாகத்தான் போய் வந்தாள். கடைசி அலமாரிக்குப் பின்னால் அவளுக்கு ஓரிடம் இருந்தது. சிறுவர் புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருந்ததால் சிமெண்டுத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். பின்புறச் சன்னல் வழியாக வெளிச்சம் அங்கே மட்டும் நன்றாக விழும். சன்னலுக்கு வெளியே ஆலையின் மதில்தான், ஆள் நடமாட்டம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அன்று படித்ததை எனக்கு நடித்துக் காட்டுவாள். திமிங்கலத்தைக் காட்டுவதற்குள் கூடத்தில் இருந்த நாற்காலிகளெல்லாம் இடம் மாறிவிடும். நூலகத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் கண்ணால்தான் பேசினார்கள். அவள் எவருக்கும் குறைந்தவளாக இல்லாத இடம் ஊரில் அது ஒன்றுதான். அவள் போயிருக்கும் நேரத்தில் நான் ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பகலில் தூங்கினேன்.

மூடும் நேரத்துக்கு மணி உண்டு. வாசகராக இருந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் கொடுத்த இரும்புத் தகடு வாசலில் தொங்கும். நூலகர் அதை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒருமுறை அடிப்பார், பன்னிரண்டுக்கு இன்னொருமுறை. தெருமுனைவரை கேட்கும். கூட்டம் எழுந்து நகரும்போது மகளும் நிமிர்ந்து பார்த்து எழுந்துவிடுவாள். மணி எல்லோருக்கும் கேட்கிறது என்று அவர் நினைத்திருந்தார். காது கேளாதவள் என்று தெரிந்தும் அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. அவள் ஒருநாளும் தாமதமாக எழுந்ததே இல்லை. அவள் எழுந்தது மற்றவர்களின் கால்களைப் பார்த்துத்தான் என்பது நூலகருக்கும் எனக்கும் அன்றுவரை தெரியாது.

அன்று மே மாத வெயில். காலையிலிருந்தே கூட்டம் குறைவு. மூடுவதற்கு வெகு முன்பே பெஞ்சு காலியாகிவிட்டது. அவள் பார்ப்பதற்குக் கால்கள் இல்லை. அத்திப்பட்டு நூலகத்தை ஆய்வு செய்ய அதிகாரி வருவதாக இருந்ததால் நூலகர் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். இரண்டு மணியும் அடித்தார். யாரும் வெளியே வரவில்லை, ஆகவே யாரும் உள்ளே இல்லை. பூட்டினார், போனார்.

அரை மணி கழித்து நான் தேடிப் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டைப் பார்த்தவுடனே திரும்பிவிட்டேன். எவராக இருந்தாலும் அப்படித்தான் திரும்பியிருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குள் யார் பிள்ளையைத் தேடுவார்கள்? ரயில்வே கேட்டுக்கு ஓடினேன். லாரிகள் நிற்கும் சாலைக்கு ஓடினேன். ஏரிக்கரைவரை போய்ப் பார்த்தேன். வழியெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போயிருக்கிறேன். ரயில்வே கேட்டில் நின்றிருந்த ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார், "யம்மா, அந்தக் காது கேக்காத பொண்ணயா கூப்புட்டுக்கினு கீற?" கிண்டல் செய்யவில்லை அவர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் எனக்கும் என் குரல் கேட்டது. அதன் பிறகு கத்தவில்லை. வெயிலில் வாயை மூடிக்கொண்டு தேடினேன். அவ்வளவு பெரிய தனிமையை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை.

நூலகத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர் பழவேற்காட்டுக்காரர். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பகல் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு மூன்று மணிக்குத்தான் திறப்பார். நான் மறுபடியும் அந்தத் தெருவுக்கு வந்தபோது அவர் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி நின்றார்.

"இன்னாம்மா இது, லைப்ரரிம்மா பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கினு பூட்டிக்கினு போயிருக்கு. சர்க்கார் டப்புதான, எவன் கேக்கப்போறான்" என்றார். பிறகு, "அட, அணைஞ்சிடுச்சி. பீஸ் போன பல்பு போல கீது."

நூலக வாசலில் ஒரு குண்டு பல்பு. அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது. எரிந்தது.

எனக்கு அது என்னவென்று தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. என் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாக என்பதை நினைத்துப் பார்க்க இன்றும் நான் துணிவதில்லை. வெயிலில் எவர் கண்ணிலும் படாத அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவள் விடாமல் அம்மா, அம்மா என்றுகொண்டிருந்தாள்.

கதவை அடித்தேன். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் இரண்டு கையாலும் அடித்தேன். தெருப்பக்கச் சன்னல்களைப் பழைய நாளிதழ்க் கட்டுகளும் அலமாரிகளும் மறைத்திருந்தன, பின்புறச் சன்னலுக்குப் போக ஆலை மதில் வழிவிடவில்லை. உள்ளே இருப்பவளுக்கு, நான் வந்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. பாய்க்கு இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் பல்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாசல் சுவரில் இருந்த மீட்டர் பலகையருகே போய் ஃப்யூஸ் கட்டையைக் காட்டினார். "இதப் புடுங்கினா உள்ள மொத்தமும் அணையும். ஃபேனும் நிக்கும். மாட்டுனா வரும். நீ பேசும்மா. நான் ஆளக் கூட்டிக்கினு வரேன்."

பிடுங்கினேன். மாட்டினேன். பிடுங்கினேன். மாட்டினேன். பிறகு மாட்டியபடியே விட்டேன். வாசல் பல்பு எரிந்தபடியே நின்றது. உள்ளே அவள் கை சுவிட்சிலிருந்து எடுபட்டுவிட்டது என்று புரிந்தது. பிறகு உள்ளிருந்து ஒருமுறை அணைத்துப் போட்டாள். நான் ஒருமுறை. அவள் ஒருமுறை. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் பேசிக்கொண்டதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பாய் லேத்துப் பட்டறையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. அரசாங்கப் பூட்டை உடைத்தால் வழக்கு வரும், ரயிலேறிப் போய் நூலகரிடம் சாவி வாங்கி வரலாம் என்றார் ஒருவர். "நீ போய் டிக்கெட் எடுத்துக்கினு நில்லு. புள்ள வெளிய வந்ததும் சொல்லி அனுப்பறேன்" என்றார் பாய். பூட்டை அறுத்தார்கள். கதவு திறந்ததும் உலைபோல அனல் வந்தது. மகள் அழவில்லை. சுவிட்சுப் பலகைக்குக் கீழே ஒரு ஸ்டூல்மேல் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நுனி சிவந்து வீங்கியிருந்தது.

மறுநாள் காலை நூலகர் வந்து, அறுத்த பூட்டையும் என்னையும் சேர்த்துப் பார்த்தார். பாய்தான் நடந்ததைச் சொன்னார். "இனி அனுப்ப மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூட்டு உடைந்த செய்தி மேலே போயிற்று. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர் துணையில்லாமல் உள்ளே விட வேண்டாம் என்று வாய்மொழியாக உத்தரவு வந்ததாகப் பாய் சொன்னார். அனுப்ப மாட்டேன் என்றுதானே நானும் சொல்லியிருந்தேன்? ஆனாலும் இன்னொருவர் வாயில் வந்தபோது 'இப்படிப்பட்ட பிள்ளைகள்' என்ற சொல் என்னைக் குத்தியது.

அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் மகள் ஒவ்வொரு நாளும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நிற்பாள். இரண்டு கையையும் சேர்த்துப் பூட்டு என்று காட்டுவேன். அவள் தலையை ஆட்டி மறுப்பாள். திறந்திருக்கிறது, நேரமாகிவிட்டது என்று காட்டுவாள். பிறகு செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுச் சன்னலுக்குப் போவாள். பூட்டிய அறையில் மூன்று மணி நேரம் இருந்தவள் அவள். பயந்தது நான். அந்தப் பயத்தை அவளுக்குச் சொல்ல என்னிடம் சைகை இல்லை.

தாங்காமல் ஒருநாள் நானும் அவளோடு போனேன். நூலகர் எழுந்து நின்று வழிவிட்டார். அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவர் உச்சுக் கொட்டினார். மகள் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படிக்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் புத்தகத்தைத் தட்டில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அதற்குப் பிறகு அவள் செருப்பு மாட்டவில்லை.

இப்போது அவள் பெரிய நூலகங்களுக்குப் போகிறாள். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, பார்வையில்லாதவர்களுக்குப் பேசும் புத்தகம் எல்லாம் இருப்பதாக எழுதுகிறாள். வேறு நாடுகளில் சில நூலகங்களில் கைமொழியிலேயே கதை சொல்லும் நேரம் உண்டாம், நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்கு வண்டியில் புத்தகம் போகுமாம். படிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவ்வளவையும் யாராவது ஒருவர் எங்கேயாவது முதலில் யோசித்திருக்க வேண்டும் என்றும் தோன்றும். எங்கள் ஊருக்கு அப்படி எதுவும் வரவில்லை. எங்களுக்கு இருந்தது அந்த வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

வெள்ளி நூலகத்துக்கு விடுமுறை நாள். மகளின் பள்ளி திறக்க ஒரு வாரம் பாக்கியிருந்தது. உச்சி வெயிலில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நூலகர். குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார். புடவையின் தோள் வியர்வையில் நனைந்திருந்தது. விடுமுறை நாளில் செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறார். எங்கள் வீட்டைப் பாய்தான் காட்டியிருக்க வேண்டும்.

"மேல சொன்னதச் சொல்ல வந்தீங்களா?" என்றேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவும் தோன்றவில்லை.

"அத நான் பேசிக்கறேம்மா. நான் உங்களப் பாக்க வரல" என்றார். "கோச்சுக்காதீங்க. பாப்பாவப் பாக்கணும்."

மகள் சன்னலண்டை இருந்தாள். நூலகர் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு மடங்கி உட்கார நேரம் பிடித்தது. தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி நகர்ந்துகொண்டார். அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. உதட்டசைவைப் படிக்கப் பள்ளியில் பழகியிருந்த மகள் அவர் உதடுகளைப் பார்த்தாள். எந்தச் சத்தமும் போடாமல், வாயை மட்டும் மெல்ல அசைத்து அவர் பேசினார். நூலகத்தில் பேசுவதுபோல. நான் கதவருகே நின்று அந்த உதடுகளைப் படித்தேன்.

"பன்னெண்டு மணிக்கு நான் பூட்டணும் கண்ணு. பூட்டப்போறேன்னு உனக்கு எப்படித் தெரியணும்? நீ சொல்லு. இனிமே எல்லாருக்கும் அதே மாதிரிதான் சொல்லுவேன்."